மறு: ‘டிசைன் கோட்’ – புதிய புறநகர் மனைப்பிரிவுகளுக்கு உள்ளாட்சி வைக்கும் தரத்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கும் நண்பர் அதில் வரும் ‘டிசைன் கோட்’ என்பதற்கு, அதாவது புதிய குடியிருப்புகள் எப்படி அமைய வேண்டும் என்று உள்ளாட்சி எழுதி வைக்கும் விதித்தொகுப்புக்கு, தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கினார். இதுவரை வந்த பரிந்துரைகளைச் சேர்த்துப் படித்தேன். வடிவமைப்புக் குறியீடு, வடிவமைப்பு நெறிமுறை, தரநிலை, தரக்கட்டுப்பாட்டு விதி, நியமம் என ஐந்து சொற்கள் நிற்கின்றன. ஆறாவதாக ‘தரவிதி’ என்பதை முன்வைக்கிறேன். பேரூராட்சிப் பொறியியல் பிரிவில் பல ஆண்டுகள் மனைப்பிரிவுக் கோப்புகளைப் பார்த்தவன் நான். அதனால் சொல்லுக்குப் போகுமுன் பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையைத் தொடங்கிய நண்பர் மொழிபெயர்ப்பது இங்கிலாந்தைப் பற்றிய கட்டுரை. இந்தக் கருத்து அங்கே பரவியதில் 1973-இல் எசெக்ஸ் பகுதியின் உள்ளாட்சியான எசெக்ஸ் கவுண்டி கவுன்சில் வெளியிட்ட குடியிருப்பு வடிவமைப்பு வழிகாட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. லண்டனுக்குக் கிழக்கே வயல்கள் வேகமாக வீடுகளாகிக்கொண்டிருந்த காலம். எங்கே போனாலும் ஒரே அச்சில் வீடுகள். காருக்காக அகலமான சாலையை முதலில் வளைத்துப் போட்டுவிட்டு, மிஞ்சிய இடத்தில் வீட்டை நிறுத்துவதே வழக்கமாகியிருந்தது. கவுன்சில் இந்த வரிசையை மாற்றச் சொன்னது. வீடுகள் சேர்ந்து எப்படிப்பட்ட தெருவை உண்டாக்கும் என்பதை முதலில் முடிவு செய், கார் அதற்குள் மெதுவாகப் போய்க்கொள்ளட்டும் என்றது. நடப்பவரும் வண்டியும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் சிறு முற்றத் தெருக்களுக்கு இடம் கொடுத்தது. எண்களும் அதில் உண்டு: பின்தோட்டம் 100 சதுர மீட்டர், பின்புறங்கள் ஒன்றையொன்று பார்க்கும் வீடுகளுக்கு நடுவே 25 மீட்டர். ஆனால் பேசப்பட்டது எண்களால் அல்ல. அந்த ஊர்ச் செங்கல், அந்த ஊர் ஓடு, கூரையின் சரிவு, தெரு கண்ணுக்கு அடங்கி நிற்கும் விதம் என்று எண்ணில் அடங்காதவற்றையும் ஓர் உள்ளாட்சி எழுத்தில் வைத்துக் கேட்க முடியும் என்று காட்டியதால்தான் பேசப்பட்டது. சவுத் உட்ஹாம் ஃபெரர்ஸ் என்ற புதுநகர் இந்த வழிகாட்டியைப் பின்பற்றி எழுந்தது.

அதற்கு எதிர்ப்பும் வந்தது. பழைய கிராமத்து வீட்டின் சாயலை மேலே பூசிவிட்டால் போதும் என்று கட்டுநர்கள் எடுத்துக்கொண்டார்கள், எசெக்ஸ் சாயல் வீடுகள் எசெக்ஸோடு தொடர்பே இல்லாத ஊர்களிலும் முளைத்தன என்றார்கள். நியாயமான குறைதான். முகப்பின் அழகை மட்டும் தரம் என்று எடுத்துக்கொண்டால் இதுதான் நடக்கும். நாம் உருவாக்கும் சொல் அந்தக் குறுகிய பொருளுக்குள் போய்விடக் கூடாது.

அங்கே வழிகாட்டியாகத் தொடங்கியது மெல்ல மெல்ல இறுகியது. 2021-இல் பிரிட்டன் அரசு உள்ளாட்சிகளுக்கு மாதிரியாக ஒரு ‘டிசைன் கோட்’ வெளியிட்டது. ஒவ்வொரு உள்ளூர்த் திட்ட அமைப்பும் தன் பகுதி முழுமைக்கும் டிசைன் கோட் வைத்திருக்க வேண்டும் என்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது. ஆகவே நமக்கு வேண்டியவை இரண்டு சொற்கள்: ஆலோசனையாக நிற்கும் ‘கைடு’ ஒன்று, கட்டுப்படுத்தும் ‘கோட்’ ஒன்று. இழையில் பலர் இரண்டுக்கும் ‘நெறிமுறை’ என்று எழுதியிருக்கிறார்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

இனி நம் பக்கம். தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும், அதன்கீழ் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இருக்கின்றன. மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டுக் கோப்பு வந்தால் நாம் பார்ப்பவை சாலை எத்தனை மீட்டர், மனை எத்தனை சதுர மீட்டர், செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடம்) எவ்வளவு, ஓ.எஸ்.ஆர். (பொதுத் திறந்தவெளி ஒதுக்கீடு) எத்தனை விழுக்காடு. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடமானால், சாலை போக மீதியில் 10 விழுக்காடு திறந்தவெளியாக வர வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதிலாக, நிலத்துக்கு அரசு வைத்த வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். அதற்குமேல் போனால் நிலமாகவே தர வேண்டும். இந்த விதிகள் இல்லாத காலத்தை, இருந்தும் மதிக்கப்படாத காலத்தை நினைத்தால் இவற்றின் அருமை தெரியும். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-இல் உயர்நீதிமன்றம் தடுத்ததும், அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு தனி விதி கொண்டுவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். எண்ணுக்கு அடங்கிய விதிகள் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் எண் சரியாக இருந்தும் ஊர் சரியாக அமையாமல் போவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். 10 விழுக்காடு வந்துவிடும். மனையாக விற்க முடியாத பள்ளமோ, மின்கம்பிக்குக் கீழே நீளும் பட்டையோ அந்தப் பத்துக்குள் ஒதுங்கியிருக்கும். தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் கொடுத்தாகிவிடும். வரைபடத்தில் ‘பூங்கா’ என்று பச்சை அடித்திருக்கும். அங்கே ஒரு பிள்ளையாவது ஓடி விளையாட முடியுமா என்று கேட்பதற்குக் கோப்பில் கட்டமே இருக்காது.

சாலையும் அப்படித்தான். அகலம் விதிப்படி இருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மனைப்பிரிவும் தன் மட்டத்தைத் தானே வைத்துக்கொள்ளும். பிறகு வந்தவர் மண் கொட்டி ஒரு முழம் உயர்த்துவார், முன்பு வந்தவர் வீட்டுக்குள் மழைநீர் நிற்கும். 2015 டிசம்பரில் சென்னைப் புறநகரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அடையாற்றின் பெருக்கும் அந்த ஆண்டின் பேய்மழையும் காரணங்கள். எனினும், சுற்றிலும் ஏரிகளும் அவற்றின் போக்குக் கால்வாய்களும் உள்ள தாழ்நிலத்தில் ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனியே மட்டம் வைத்ததை மறந்துவிட்டு அந்த வெள்ளத்தைப் பேச முடியாது. சாலை மட்டம் உயர்ந்துகொண்டே போகாமலிருக்க, புதிதாகச் சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் அரசே உத்தரவிட வேண்டியிருந்தது.

அப்புறம், அடுத்தடுத்த இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே நிற்கும் மதில். இரண்டும் முறைப்படி அனுமதி பெற்றவைதான். இந்தத் தெரு முடியும் இடத்தில் அந்தத் தெரு தொடங்கும். நடுவே சுவர். எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிள்ளைகள் பிரதான சாலை வரை போய்ச் சுற்றி வர வேண்டும். இதை எந்த விழுக்காட்டில் அளப்பது? மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது, அது பெரிய சாதனை. ஆனால் தொட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறோம், கூரைத் தண்ணீர் அதற்குள் இறங்குகிறதா என்று பார்ப்பதில்லை.

இப்படி ‘எவ்வளவு’ என்று கேட்கும் விதி ஒருவகை, ‘எப்படி இருக்க வேண்டும்’ என்று கேட்கும் விதி இன்னொருவகை. முதல் வகையை ‘அளவுவிதி’ என்றும் இரண்டாவதைத் ‘தரவிதி’ என்றும் சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மன்றக் கூட்டத்தில் ஒரு வார்டு உறுப்பினர் எழுந்து, “அளவுவிதி நிறைவேறிவிட்டது, தரவிதி என்ன ஆயிற்று?” என்று கேட்டால் விளக்கம் இல்லாமலே எல்லாருக்கும் புரியும்.

மற்ற பரிந்துரைகளை ஏன் தள்ளுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

‘வடிவமைப்புக் குறியீடு’ வேண்டவே வேண்டாம். நம் துறையில் எஃப்.எஸ்.ஐ.க்கு, அதாவது கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்பு மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்ணுக்கு, தளப்பரப்புக் குறியீடு என்ற பெயர் ஊன்றிவிட்டது. குறியீடு என்றால் எங்கள் ஆட்களுக்கு ஓர் எண்தான் கண்முன் வரும். நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிரான பொருள் அது. ‘வடிவமைப்பு’ என்ற முன்பகுதியிலும் எனக்குத் தயக்கம் உண்டு, கட்டட முகப்பைத் தவிர வேறு எதையும் அது நினைவூட்டுவதில்லை.

‘தரக்கட்டுப்பாட்டு விதி’ என்றால் தொழிற்சாலையும் சிமெண்ட் மூட்டைச் சோதனையும்தான் ஞாபகம் வரும். சாலையில் போட்ட ஜல்லி சரியா என்று பார்க்கும் வேலைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே பயன்பட்டுக்கொண்டிருக்கிறது, இருக்கட்டும்.

‘தரநிலை’யைப் பரிந்துரைத்த கோவை ஐயாவின் வாதம் வலுவானது. பொதுவாக ‘ஸ்டாண்டர்ட்’ என்பதற்கு அது நல்ல சொல், நானே எழுதுவேன். ஆனால் உள்ளாட்சியில் அதைக் கொண்டுவந்து வைத்தால் ஒரு சிக்கல் உண்டு. நகராட்சிகளையே இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று பிரித்திருக்கிறோம். பேரூராட்சி நகராட்சியானால் ‘தரம் உயர்த்தப்பட்டது’ என்கிறோம். ‘நகராட்சியின் தரநிலை’ என்று தீர்மானத்தில் எழுதினால் அது எந்த நிலை நகராட்சி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். தவிர, நிலை என்பது ஒன்று எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும், எங்கே இருந்தாக வேண்டும் என்று கட்டளையிடாது. விதி என்ற சொல் கட்டளையிடும்.

யாழ்ப்பாணத்துத் தோழி சொன்ன ‘நியமம்’ இலங்கையில் பாடநூல் வழி ஊன்றிய சொல். புள்ளியியலின் ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ அங்கே ‘நியம விலகல்’, அதையே நாம் இங்கே ‘திட்ட விலக்கம்’ என்று படித்தோம். இந்த ‘திட்ட’வை நகரமைப்பில் பயன்படுத்தவே முடியாது, முழுமைத் திட்டம், திட்ட அனுமதி என்று எங்கு பார்த்தாலும் திட்டம் வேறு பொருளில் நிற்கிறது. ஆகவே நியமம் எங்களுடையதைவிடத் தெளிவானதுதான். ஆனால் தமிழ்நாட்டில் நியமம் என்றால் நோன்பும் ஆசாரமும் முன்னே வரும். ‘டெவலப்மென்ட்’ என்பதற்கு அவர்கள் அபிவிருத்தி என்றும் நாம் வளர்ச்சி என்றும் எழுதுவதுபோல, இதிலும் இரண்டு வழக்குகள் இருந்துவிட்டால் கேடு இல்லை. தரவிதி என்று எழுதினால் அங்கே உறுத்துமா என்பதைத் தோழிதான் சொல்ல வேண்டும்.

ஆலோசனையாக மட்டும் நிற்கும் ‘கைடு’க்குத் ‘தரநெறி’ என்று வைத்துக்கொள்ளலாம். நெறி வழிகாட்டும், விதி கட்டும். எசெக்ஸ் 1973-இல் வெளியிட்டது தரநெறி, 2023 சட்டம் கேட்பது தரவிதி. மொழிபெயர்ப்பில் இந்த இரண்டையும் கலக்காமல் வைத்தால் கட்டுரையின் வாதமே தெளிவாகிவிடும்.

கணினித் துறை நண்பர் ஒருவர் தனிமடலில் ஒரு தடை சொன்னார். தரவிறக்கம், தரவுத்தளம் என்று பழகிய கண்ணுக்குத் ‘தரவிதி’ தரவு பற்றிய விதியாகத் தெரியுமே என்றார். நல்ல கேள்வி. ஆனால் தரச்சான்று, தரக்கட்டுப்பாடு, தரவரிசை எல்லாவற்றையும் நாம் தரத்தோடு சேர்த்துத்தானே படிக்கிறோம்? தரவு பற்றிய விதியைச் சொல்ல வேண்டுமானால் ‘தரவு விதி’ என்று பிரித்தோ ‘தரவுவிதி’ என்று உகரத்தோடோ எழுதுவோம். ‘மனைப்பிரிவு’, ‘புறநகர்’ போன்ற ஒரு முன்சொல் வந்துவிட்டால் அந்த ஐயத்துக்கும் இடமில்லை.

கட்டுரையில் வரும் ‘சபர்பன் டெவலப்மென்ட்’ பற்றி ஒரு வார்த்தை மட்டும். ‘புறநகர் வளர்ச்சி’ என்று நேராக மாற்றினால் மக்கள்தொகை பெருகுவதுபோல் ஒலிக்கிறது. கட்டுரை பேசுவது புதிதாக எழும் குடியிருப்பைப் பற்றி. மனை மட்டும் விற்பதானால் மனைப்பிரிவு, வீடு கட்டி விற்பதானால் புதுக்குடியிருப்பு. இரண்டும் வழக்கில் உள்ளவை, புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை.

விதி வகுப்பது மாநில அரசு அல்லவா, உள்ளாட்சிக்கு இந்தச் சொல்லால் என்ன பயன் என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்றைய நிலையில் மனைப்பிரிவின் தொழில்நுட்ப அனுமதி சி.எம்.டி.ஏ.விடமோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) டி.டி.சி.பி.யிடமோதான் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) இருக்கிறது, உண்மை. ஆனால் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் இரண்டு இனங்களே நகரத் திட்டமிடலும், நிலப் பயன்பாடு மற்றும் கட்டடங்களை ஒழுங்குபடுத்தலும்தான். சாலையும் பூங்கா இடமும் கடைசியில் வந்து சேர்வதும் உள்ளாட்சியின் கையில்தான். அடுத்த ஐம்பது ஆண்டுகள் அவற்றைப் பராமரிக்கப் போகிறவருக்கு, எதை வாங்கிக்கொள்வோம், எதை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று சொல்லும் உரிமை வேண்டும். அந்த உரிமையைக் கேட்டுத் தீர்மானம் எழுத உட்காரும்போது நம்மிடம் ஒரு சொல் இருக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு மாதிரித் தீர்மானம்:

“இப்பேரூராட்சி எல்லைக்குள் புதிதாக அமையும் மனைப்பிரிவுகள் இம்மன்றம் ஏற்ற மனைப்பிரிவுத் தரவிதிக்கு உட்பட்டு அமைய வேண்டும். தெருக்கள் பக்கத்து மனைப்பிரிவின் தெருக்களோடு இணைவதையும், மழைநீர் வடியும் மட்டம் சுற்றுப்புறத்தோடு ஒத்திருப்பதையும், திறந்தவெளி மக்கள் பயன்படுத்தத் தக்கதாக இருப்பதையும் நேரில் கண்டு சான்றளித்த பிறகே சாலையும் திறந்தவெளியும் ஏற்கப்படும்.”

எனக்கு வாய்விட்டுப் படிக்கத் தடங்கல் இல்லை. தீர்மானம் எழுதிப் பழகியவர்கள் யாராவது இதைத் திருத்தித் தந்தால் நல்லது.

ஒற்று பற்றிக் கேட்டவருக்கு: மனைப்பிரிவுத் தரவிதி, புறநகர்த் தரவிதி, தெருத் தரவிதி. மூன்றிலும் வல்லினம் மிகும். மறுப்பு ஏதும் வராவிட்டால் தரவிதி, தரநெறி, அளவுவிதி மூன்றையும் நம் சொற்பட்டியலில் சேர்க்கும்படி மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்