சவ்வு இருந்தால் தண்ணீர்ப் பஞ்சம் தீருமா?

உட்லண்ட்ஸ் குமரன்:
நேற்று சிங்கப்பூர்த் தேக்காவில் சாப்பிடும்போது பக்கத்து மேசையில் ஊரிலிருந்து புதிதாய் வந்த இரண்டு தம்பிகள். "இங்கே சாக்கடைத் தண்ணியைத்தான் சுத்தம் பண்ணிக் குடிக்கக் கொடுக்கிறாங்களாம்" என்றார் ஒருவர். மற்றவர் குடித்துக்கொண்டிருந்த குவளையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அதனால் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். உலகத் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு விடை நம் கையில் இருக்கிறது. பெரிய ஆறு இல்லாத ஊர் இது. 2003இல் புதுநீர் ஆலைகளைத் திறந்தோம். கழிவுநீரை முதலில் நுண்வடிகட்டியில் விட்டு, அப்புறம் உப்பும் கிருமியும் புகமுடியாத சவ்வு வழியாகத் தள்ளி, கடைசியில் புற ஊதா ஒளி காட்டுகிறோம். பெரும்பகுதி கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. மழை குறைந்த மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்திகரித்து வீட்டுக் குழாய்க்கு வருகிறது. இதுபோக கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் 5. 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. அங்கேயும் கடல் இருக்கிறது, சாக்கடை இருக்கிறது. மனம்தான் இல்லை. மறுப்பவர்கள் வரலாம்.

துவாஸ் ஷிஃப்ட்காரன்:
வந்துவிட்டேன், அண்ணே. எந்த ஆலை என்று கேட்காதீர்கள், பல வருடமாகச் சவ்வுக்குப் பக்கத்தில்தான் எனக்குப் பிழைப்பு.

நீங்கள் எழுதியதைப் படித்தால் சவ்வு ஏதோ மந்திரத் துணி போலிருக்கிறது. அது 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் உள்ள ஓர் உருளை, பாயைச் சுருட்டின மாதிரி. ஆறேழு உருளைகளை ஒரு நீளக் குழாய்க்குள் வரிசையாகச் செருகியிருப்போம். கடலில் பாசி பெருகிய ஒரு வாரத்தில் முதல் உருளையை வெளியே இழுத்தோம். முகப்பு முழுக்கப் பழுப்பாய், வழவழவென்று, கெட்ட மீன் வாடை. கையுறையைக் கழற்றின பிறகும் வாடை போகவில்லை. காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டு, அலசி, சிட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டு மறுபடி ஓட்டினால் பழைய அளவு தண்ணீர் வரவில்லை. சில வருடங்களில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கவேண்டியதுதான்.

கடல்நீரைத் தள்ளக் கிட்டத்தட்ட 60 பார் அழுத்தம் வேண்டும். உங்கள் கார் டயரில் இருப்பதைப்போல 25 மடங்கு. 1,000 லிட்டருக்குச் சுமார் 3.5 யூனிட் மின்சாரம் ஆகிறது. நீர்த்தேக்கத்து மழைநீரைச் சுத்தம் செய்ய அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். நம் மின்சாரமோ பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் வருவது. குழாயைத் திறந்தால் ஒழுகுவதில் பாதி எரிவாயு என்று நான் வீட்டில் சொல்வதுண்டு. காசும் எரிவாயுவும் உள்ள ஊருக்கு இது விடை. மற்ற ஊருக்கு இது பில்.

பிடோக் பாட்டி:
தம்பி, பில்லைப் பற்றி என்னிடம் பேசாதே. 1963இல் மழை பொய்த்துத் தண்ணீரை முறைவைத்து விட்டபோது எனக்கு எட்டு வயது. ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் கடைவீட்டில் மாடியில் குடியிருந்தோம். அடுத்த வருடத் தொடக்கம் வரைக்கும் அந்தப் பாடு. மண்ணெண்ணெய் டின்னில் பிடித்து மாடி ஏற்றவேண்டும். டின் விளிம்பு கையைக் கிழிக்கும் என்று அம்மா பழந்துணி சுற்றிக் கொடுப்பார். குளித்த தண்ணீரில் துணி அலசி, அந்தத் தண்ணீரில் தரை கழுவுவோம். புதுநீர் என்று இன்றைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், நாங்கள் அப்போதே செய்தோம்!

அதனால் குமரன் பக்கம்தான் நான். விலை ஏறினால் ஏறட்டும். ஆனால் என் பேரன் இருபது நிமிடம் குளிக்கிறான், அதற்கு எந்தச் சவ்வு இருக்கிறது?

ஜூரோங் ராஜா:
எல்லாரும் 2061ஐ மறந்துவிட்டீர்கள். மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் எடுக்கும் 1962 ஒப்பந்தம் அந்த வருடம் முடிகிறது. ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே, 2016 அக்டோபரில் அந்த ஆற்றுக்குத் தண்ணீர் விடும் லிங்கியூ நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. வறட்சி யாருடைய கையெழுத்தையும் மதிப்பதில்லை. செலவு அதிகம் என்று ஷிஃப்ட்காரர் சொல்கிறார், சரி. இல்லாமல் இருப்பதற்கு என்ன செலவு?

செங்காங் சென்னைக்காரி:
"மனம்தான் இல்லை" என்று குமரன் சார் எழுதியதற்குத்தான் பதில். மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடல்நீர் ஆலை வந்தது. நெம்மேலியில் இரண்டாவது ஆலை 2024இல் வந்தது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சவ்வில் வடித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் புதுநீருக்குச் சித்தப்பா பிள்ளைதான் அது. மழைநீர் சேகரிப்பை வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கியது 2003இல்.

பிறகு என்ன குறை? பெருங்குடி பக்கம் என் அம்மா வீட்டுக்கு வாருங்கள். தெருவில் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. கழிவுத்தொட்டி நிரம்பினால் அம்மா போன் செய்வார், லாரி வரும், ஒரு தடித்த குழாயை உள்ளே விடுவார்கள், பத்து நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று தெருவில் ஒருத்தரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஆலைக்கே வந்து சேராத கழிவுநீரை எந்தச் சவ்வு சுத்தம் செய்யும்? இங்கே நிலத்துக்கு அடியில் 48 கிலோமீட்டர் சுரங்கக் கழிவுநீர்க் குழாய் போட்டு, வழிநெடுக உள்ள வீட்டுக் கழிவுநீரைச் சாங்கி ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். குடிநீர், கழிவுநீர், வடிகால் மூன்றையும் 2001இல் பொதுப் பயனீட்டுக் கழகம் என்ற ஒரே அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள். புதுநீரின் ரகசியம் அந்தக் குழாயில் இருக்கிறது. அதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை, பார்க்க அழகாக இல்லையே.

உட்லண்ட்ஸ் குமரன்:
சென்னை விவரங்கள் எனக்குத் தெரியாதவை, தவறாகப் பேசிவிட்டேன். ஆனால் குழாயும் தொழில்நுட்பம்தானே? நமீபியாவின் விண்ட்ஹூக் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நேராகக் குடிநீரில் கலக்கிறது. அது என்ன பணக்கார ஊரா?

இன்னொன்று, இந்தச் சவ்வை 1950களின் கடைசியில் அமெரிக்காவில் செய்துகாட்டிய இருவரில் ஒருவர் பெயர் சௌரிராஜன். திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பெயர்! நம் ஊர்ப் பெயருள்ள ஆள் செய்ததை நாமே குறைத்துப் பேசலாமா?

துவாஸ் ஷிஃப்ட்காரன்:
பெருமாளை உள்ளே இழுத்துவிட்டால் நான் எப்படி வாதாடுவது 😄

விண்ட்ஹூக் என் பக்கத்துச் சாட்சி அண்ணே. தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு சேரவிடாமல் தனிக் குழாயில் பிரித்துவிட்டுத்தான் அவர்கள் ஆரம்பித்தார்கள். சென்னைக்கார அக்கா சொன்னது அதேதான். குழாய் முதலில், சவ்வு பிறகு. ஆஸ்திரேலியாவில் டூவூம்பா என்றொரு ஊர். 2006இல் வறட்சியில் வாடிக்கொண்டிருந்தபோது வாக்கெடுப்பு வைத்து இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குவளையைக் கீழே வைத்த உங்கள் தேக்காத் தம்பி தனி ஆள் இல்லை.

இன்னும் பெரிய விஷயத்தை யாரும் தொடவில்லை. உலகம் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு வயலுக்குப் போகிறது. ஒரு கிலோ அரிசி விளையச் சுமார் 2,500 லிட்டர் என்பார்கள். நம் வீட்டுத் தண்ணீர் இப்போது 1,000 லிட்டர் 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதில் கழிவுநீர்க் கட்டணமும் வரியும் அடக்கம்தான், இருந்தாலும் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசிக்குத் தண்ணீர்ச் செலவு மட்டும் 8 வெள்ளி! மழை, ஜொகூர், புதுநீர், கடல் என்று நான்கு குழாய் சொல்லிக்கொடுத்தார்கள் பள்ளியில். ஐந்தாவது குழாய் தேக்காக் கடையில் அடுக்கியிருக்கும் அரிசி மூட்டை. அந்தத் தண்ணீர் இன்னொருவர் ஊருடையது.

உட்லண்ட்ஸ் குமரன்:
இந்த மூட்டைக் கணக்கு என்னை உட்காரவைத்துவிட்டது. சரி, திருத்திக்கொள்கிறேன். பயிருக்கு இது விடை இல்லை, நகரத்துக்கு விடை. ஆனால் அதிலேயே வயலுக்கும் ஒரு லாபம் இருக்கிறதே. சென்னை 2004 முதல் வீராணம் ஏரித் தண்ணீரைக் குடிக்கிறது. அது டெல்டா உழவர்களின் ஏரி. நகரம் கடலையும் தன் கழிவையும் குடித்துக்கொண்டால் ஏரி வயலுக்குத் திரும்பும்.

செங்காங் சென்னைக்காரி:
திரும்பவேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் நெம்மேலித் தண்ணீர் வந்த பிறகும் வீராணத்துக் குழாயை யாரும் மூடவில்லை. புதுத் தண்ணீர் வந்தால் புது அடுக்குமாடி வருகிறது. நகரத்துக்கு வயிறு நிறைவதே இல்லை, சார்.

ஜூரோங் ராஜா:
அது ஆட்சி செய்பவர்களின் வேலை, சவ்வின் குற்றம் இல்லை.

துவாஸ் ஷிஃப்ட்காரன்:
நானும் அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்! சரி, எனக்கு இரவு ஷிஃப்ட். பாட்டி, பேரனுக்கு ஷவரில் மாட்டும் சின்ன அளவி ஒன்று இருக்கிறது. எத்தனை லிட்டர் ஓடியது என்று காட்டும். வாங்கி மாட்டுங்கள்.

பிடோக் பாட்டி:
மாட்டுகிறேன். நீ ஆலையில் இருக்கிறாய், ஒன்று கேட்கவேண்டும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் அப்படியே குடிக்கலாமா?

துவாஸ் ஷிஃப்ட்காரன்:
தாராளமாகக் குடிக்கலாம் பாட்டி. நான் அப்படித்தான் குடிக்கிறேன்.

பிடோக் பாட்டி:
நல்லது. ஆனாலும் நான் கொதிக்கவைத்துத்தான் குடிப்பேன்.