சுவரில் வரும் எழுத்து பேனா டேப்லெட்டில் வர மறுக்கிறது. உதவி தேவை

சுவர்க்காரன்

வணக்கம். விருதுநகர் பக்கம் சுவர் விளம்பரம், கடை போர்டு எழுதுவது என் தொழில். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. பள்ளிக்கூடச் சுவர், லாரி, கோயில் போர்டு என்று ஏதோ ஓடுகிறது. மகள் வேலைக்கு வெளியூர் போகும்போது தன் பழைய பேனா டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பில் கிரிட்டா என்ற படம் வரையும் மென்பொருளையும் போட்டுவிட்டுப் போனாள். டேப்லெட்டில் திரை கிடையாது, வெறும் கருப்புப் பலகை. வரையும் இடம் ஆறு அங்குலத்துக்கு நாலு.

நாலடி உயர 'ழ'வை அடிக்கோடு மட்டும் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் எழுதுகிறவன் நான். இதில் 'ட' எழுதினாலே கோடு நடுங்குகிறது. வட்டம் போட்டால் படுத்த முட்டையாக வருகிறது. பேனாவை வைத்து ஒரு நொடி யோசித்தால் முனையில் ஒரு வளையம் சுற்றிவிட்டு ஏதோ மெனு திறக்கிறது. கோடு ஆரம்பத்தில் ஒல்லி, நடுவில் குண்டு, முடிவில் எலிவால்! கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து எழுதுவது வேறு தலையைச் சுற்றுகிறது.

திரை உள்ள டேப்லெட் வாங்கினால் சரியாகிவிடுமா? விலையைக் கேட்டால் ஒரு மாத வேலை அதிலேயே போய்விடும் போல. வயது 52. சொல்லுங்கள்.

நிப்பு தேய்ந்தவன்

அண்ணாச்சி, எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்னதில் பாதி கையோடு சம்பந்தமே இல்லாதது.

முதலில் முட்டை. உங்கள் பலகை 6க்கு 4, லேப்டாப் திரை பெரும்பாலும் 16க்கு 9. முழுப் பலகையையும் முழுத் திரைக்குப் பொருத்தினால், நீங்கள் போடும் சரியான வட்டத்தைக் கம்ப்யூட்டர் அகலவாக்கில் இழுத்துவிடும். டேப்லெட்டை லேப்டாப்போடு இணைக்கும் மென்பொருளின் (டிரைவர்) செட்டிங்கில் விகிதத்தைத் திரைக்குச் சமமாக வைக்க ஒரு இடம் இருக்கும். அதைப் போட்டால் உயரத்தில் 3.4 அங்குலம் அளவுக்குத்தான் வேலை செய்யும், கீழே கொஞ்சம் வீணாகும். போகட்டும். வட்டம் வட்டமாக வரும்.

சுற்றும் வளையம் விண்டோஸின் வேலை. பேனாவை அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் என்று அது எடுத்துக்கொள்கிறது. கண்ட்ரோல் பேனலில் 'பென் அண்ட் டச்' திறந்து, 'பிரஸ் அண்ட் ஹோல்ட்' என்பதை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அழுத்தம் சரியாக வேலை செய்யவில்லை என்றால், கிரிட்டாவில் டேப்லெட் செட்டிங்ஸ் போய் பேனாவின் அழுத்தத்தைப் படிக்கும் வழிகளான விண்டோஸ் இங்க், வின்டேப் இரண்டில் இப்போது இருப்பதை விட்டு மற்றதுக்கு மாற்றி, கிரிட்டாவை மூடித் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. பலகை திரைக்கு நேர் கீழே, திரையோடு இணையாக இருக்கிறதா? கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தால் நீங்கள் நேராக இழுக்கும் கோடும் திரையில் சாய்ந்துதான் போகும். எவ்வளவு பழகினாலும் அது நேராகாது.

திரையைப் பார்த்து எழுதும் பழக்கம் தானாக வரும். மவுஸைப் பிடிக்கும்போது யாரும் கையைப் பார்ப்பதில்லையே.

பெட்டிக்கோடு

சார், நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். நடுக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுவரில் உங்களுக்குத் தோள்தான் எழுதுகிறது. இங்கே விரல் எழுதுகிறது. ஆறு அங்குலத்தில் தோளை வீசவும் முடியாது. அதனால் எழுத்தைத் திரை நிறைய வரும்படி பெரிதாக்கி எழுதுங்கள், மணிக்கட்டை ஊன்றாமல் முழங்கையிலிருந்து இழுங்கள். வளைவு உங்கள் கைக்கு எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் தாளைத் திருப்பிக்கொள்ளலாம். கிரிட்டாவில் 4, 6 எண்களை அழுத்தினால் தாள் சுழலும், 5 அழுத்தினால் நேராகிவிடும். சுவரைத் திருப்ப முடியாது, இதைத் திருப்பலாம்.

பிரஷ் கருவியின் ஆப்ஷனில் ஸ்டெபிலைசர் என்று ஒன்று உண்டு. போட்டால் கோடு உங்கள் பேனாவுக்குக் கொஞ்சம் பின்னால் மெதுவாக வரும், நடுக்கம் அதில் கரைந்துவிடும். நிறைய ஏற்றாதீர்கள், கூரான முனைகள் எல்லாம் மழுங்கிவிடும்.

எலிவாலுக்குக் காரணம் அழுத்தம். போர்டு எழுதும்போது எழுத்தின் தடிமனைத் தருவது பட்டை பிரஷ்ஷின் கோணம்தானே? நீங்கள் அழுத்துவதே இல்லையே! கிரிட்டாவின் பிரஷ்களோ பெரும்பாலும் அழுத்தினால் தடிக்கும்படி அமைக்கப்பட்டவை. எஃப்5 அழுத்தி, பிரஷ் அமைப்பில் 'சைஸ்' என்பதற்குள் அழுத்தத்தை எடுத்துவிடுங்கள். பிரஷ் முனையைத் தட்டையாக்கிச் சாய்த்து வைத்தால் கிட்டத்தட்ட உங்கள் பட்டை பிரஷ்தான். பெட்டியில் 8192 அழுத்த அளவுகள் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், உங்கள் வேலைக்கு அதில் ஒன்று போதும்.

நோடு

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: எழுதி என்ன செய்யப் போகிறீர்கள்?

பழகுவதற்கு என்றால் கிரிட்டா நல்லது. ஃப்ளெக்ஸ் கடைக்கோ கட்டிங் ஸ்டிக்கர் கடைக்கோ கொடுக்க என்றால், கிரிட்டாவில் பிரஷ்ஷால் எழுதுவது புள்ளிகளால் ஆன படம். பத்தடி பேனருக்கு இழுத்தால் ஓரம் படிக்கட்டு ஆகிவிடும். உங்களுக்கு வேண்டியது வெக்டர், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத கோட்டுப் படம். அதற்கான இங்க்ஸ்கேப் மென்பொருள் இலவசம். பேப்பரில் எப்போதும் போல எழுதுங்கள், போனில் நேர்மேலிருந்து படமெடுத்து இங்க்ஸ்கேப்பில் போட்டு, மேலே பெசியர் கருவியால் (புள்ளி வைத்து வளைவு போடும் கருவி) ஓரத்தைச் சுற்றி வாருங்கள். வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். புள்ளி கூடினால் வளைவு நெளியும். இதற்கு டேப்லெட்டே தேவையில்லை, மவுஸ் போதும்.

பெட்டிக்கோடு

நோடு சொல்வது தொழிலுக்குச் சரி. ஆனால் மவுஸால் சுற்றி வந்த எழுத்தில் கையின் வேகம் போய்விடும். ஃப்ளெக்ஸில் இருக்கும் எழுத்தெல்லாம் ஏற்கெனவே அப்படித்தான் செத்துக் கிடக்கிறது. இவரிடம் இருப்பதே அந்த வேகம்தான்.

நோடு

பேப்பரில் எழுதுவது அவர் கைதானே அம்மா. வேகம் அதிலேயே இருக்கிறது, நான் ஓரத்தை மட்டும்தான் எடுக்கச் சொன்னேன்.

சுவர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. வட்டம் வட்டமாகிவிட்டது, வளையமும் ஒழிந்தது. அழுத்தத்தை எடுத்துவிட்டு முனையைச் சாய்த்ததும் 'க'வின் வளைவு என் வளைவு மாதிரியே வந்தது, அதற்கே சந்தோஷம். ஸ்டெபிலைசர் நாங்கள் சுவரில் கையைத் தாங்க வைக்கும் கம்பு மாதிரி இருக்கிறது. புதுப்பையனுக்குக் கொடுப்போம், கை நின்றதும் பிடுங்கிவிடுவோம். இதிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் பார்க்கிறேன்.

'ழ' இன்னும் வரவில்லை. அதன் கடைசிச் சுழிப்பில் பேனா பலகையின் ஓரத்துக்கு வந்துவிடுகிறது.

நோடு தம்பிக்கு ஒரு கேள்வி. மளிகைக் கடை போர்டு ஒன்று கேட்டிருக்கிறார்கள், கிளிப்பச்சை வேண்டுமாம். திரையில் பளிச்சென்று இருக்கிறது. அச்சிலும் அப்படியே வருமா?

நோடு

வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு இயந்திரம் மையால் காட்டுகிறது. பளிச் பச்சை, ஊதா, ஆரஞ்சு மூன்றும்தான் அதிகம் மங்கும். ஃப்ளெக்ஸ் கடையில் அவர்கள் மிஷினில் அடித்த நிற அட்டை இருந்தால் அதைப் பார்த்து நிறத்தின் எண்ணைக் குறித்து வாருங்கள். இல்லாவிட்டால் ஒரு சாண் அளவுக்கு மாதிரி அடித்துக் காட்டச் சொல்லுங்கள், முன்பணம் வாங்குவதற்கு முன்னால் அதை மளிகைக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

'ழ'வுக்கு: தாளைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திவிட்டு ஆரம்பியுங்கள்.