ராகி களிக்கு மாறினால் சர்க்கரை இறங்குமா?

கூழ்வண்டி:
சர்க்கரை வந்துவிட்டது, இனி என்ன சாப்பிடலாம் என்று முத்து என்ற நண்பர் போன வாரம் இங்கே கேட்டிருந்தார். வந்த பதிலெல்லாம் ஓட்ஸ், ஓட்ஸ், ஓட்ஸ். தருமபுரிக்காரனுக்கு எப்படி இருக்கும்! 100 கிராம் ராகியில் கால்சியம் 340 மில்லிகிராமைத் தாண்டும், அரிசியில் 10ஐச் சுற்றித்தான். 2018ல் மத்திய அரசே சிறுதானியங்களை ஊட்டமிகு தானியங்கள் என்று அறிவித்தது. இந்தியா முன்மொழிந்துதான் ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக்கியது. என் கட்சி இதுதான்: அரிசியை நிறுத்திவிட்டுக் களி, கூழ், சாமைச்சோறு என்று திரும்பினால் சர்க்கரையும் இரத்தசோகையும் தானாக வழிக்கு வரும். மறுப்பவர்கள் வரலாம்.

உப்புக்கல்:
வந்துவிட்டேன். உணவு ஆலோசனை சொல்வதுதான் என் தொழில், அதனால் இதை விட முடியாது.

கால்சியம் கணக்கு சரி, அதில் சண்டை இல்லை. சர்க்கரைக் கணக்குதான் உதைக்கிறது. ராகியை மெஷினில் நைசாக அரைத்து, தண்ணீராகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால், அந்த மாவு குடலில் நிற்காமல் ஓடிச் சர்க்கரையாகும். அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இன்டியாப் என்ற நீரிழிவு ஆய்வு 2025ல் வந்ததே, பார்த்தீர்களா? நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறையவில்லை என்றுதான் அதில் இருக்கிறது. மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, தயிர் போன்ற புரதம் வந்தால்தான் பலன்.

அப்புறம், கடையில் விற்கும் சாமை, வரகு பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பச்சரிசி மாதிரி வெள்ளையாக மின்னும். தவிடு முழுக்கப் போயாச்சு, நார்ச்சத்தும் அதோடு போயாச்சு. விலை மட்டும் ஏறியாச்சு.

கூழ்வண்டி:
பாலிஷ் போட்டது மில்காரர் செய்த வேலை சார், சாமை என்ன செய்யும்? கொல்லிமலையில் சாமையை உரலில் இட்டுக் குத்திய பெண்களைக் கேளுங்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு மணிக்கணக்கில் உலக்கை பிடிக்க வேண்டும். ரேஷன் அரிசி வந்ததும் ஜனங்கள் சாமையை விட்டதற்கு அந்த இடுப்பொடியும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோன பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

இன்னொன்று. கஞ்சியைக் காட்டிக் களியை அடிக்காதீர்கள். எங்கள் ஊரில் களி துடுப்பால் கிண்டி, உருட்டி, கெட்டியாக வரும். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ இல்லாமல் யாரும் களியைத் தொடமாட்டார்கள். நீங்கள் கேட்கும் புரதமும் நாரும் அதே தட்டில்தானே இருக்கிறது! என் தாத்தா காலத்தில் சர்க்கரை வியாதி என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா?

உப்புக்கல்:
தாத்தா வந்துவிட்டாரா, எதிர்பார்த்தேன். சுதந்திரம் வாங்கிய காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது. குழந்தைச் சாவுகள்தான் அதை அவ்வளவு கீழே இழுத்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குழந்தைகளும் இதே பாரம்பரியச் சாப்பாட்டு வீடுகளில்தானே பிறந்தன? நூறு வயது வாழ்ந்த தாத்தா மட்டும்தான் நம் நினைவில் நிற்கிறார்.

குன்னூரில் மெக்கரிசன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் 1920களில் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய் என்ற சீக்கியச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று முதலிடம். சென்னை மாகாண அரிசிச் சாப்பாட்டு எலிகள் கடைசி இடம். அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. ஐதராபாத்திலேயே 1960களில் வேறொன்றையும் பார்த்தார்கள்: தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் கருகும் பெலக்ரா நோய். சோளமும் சிறுதானியப் பட்டியலில் உள்ளதுதான்.

பனங்காடு:
எலியை விடுங்கள். பழைய சோற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருந்த இரும்பு, இரவு ஊறினால் 73.91 ஆகிறதாம். அதோடு காபிக்கு வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திக் கருப்பட்டி போடுங்கள், இரத்தசோகை ஓடிவிடும். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் வந்து பாருங்கள்.

ராகவி:
பனங்காடு அண்ணா, அந்த 73.91 எனக்கும் வாட்ஸ்அப்பில் எத்தனையோ தடவை வந்துவிட்டது. இரும்பு ஒரு தனிமம். எந்த பாக்டீரியாவும் அதை உற்பத்தி பண்ண முடியாது. இரவோடு இரவாக 70 மில்லிகிராம் எங்கிருந்து வரும்? இரும்புச் சட்டி கரைந்தோ தண்ணீரிலிருந்தோ வந்தால்தான் உண்டு. புளிக்கும்போது, இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் நிலை வரலாம். சோறு ஆறினால் எளிதில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும். லாக்டிக் அமில பாக்டீரியாவும் கிடைக்கும். பழைய சோறு நல்லது என்று சொல்ல இவையே போதும், பொய்க்கணக்கு எதற்கு?

கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். சர்க்கரை நோயாளிக்கு அது சலுகை தராது. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை. அவர்களிடம் போய், இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக் காபி குடி என்றால் அது பாவம். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இரும்பு ஏறுவதே குறையும் என்பது தனிக்கதை.

பனங்காடு:
மாத்திரையை நிறுத்து என்று நான் எங்கே சொன்னேன் தங்கச்சி? சேர்த்துக்கொள் என்றுதான் சொன்னேன். வெள்ளைச் சர்க்கரையில் சத்து ஒரு சொட்டும் கிடையாது, கருப்பட்டியில் கொஞ்சமாவது உண்டு. அதை நீங்களும் மறுக்கவில்லை.

பினாங்குக்காரன்:
உப்புக்கல் சார் அரிசியைக் கடைசி இடத்தில் தள்ளியதால் தலையிடுகிறேன். எந்த அரிசி என்று கேட்க வேண்டாமா? மெக்கரிசன் சென்னை எலிகளுக்குக் கொடுத்தது தீட்டி, கழுவிய அரிசி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவில் பெரிபெரி என்ற நோய் கொள்ளை கொள்ளையாக மனிதர்களைக் கொண்டுபோனது. ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்கள் கால் வீங்கி, இதயம் நின்று செத்தார்கள். தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களோ அவர்களைவிட வசதியானவர்கள் இல்லை. ஆனாலும் அவர்களுக்கு அந்த நோய் அபூர்வமாகத்தான் வந்தது. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, காரணம் அரிசியில்தான் இருக்கிறது என்றார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல். பிறகு பிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஒரு பாதிப் பேருக்குப் புழுங்கலையும் மறுபாதிக்கு வெள்ளை அரிசியையும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி வந்தது வெள்ளை அரிசிப் பக்கம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயாமின், அதாவது பி1, அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் ஓரளவு தங்கும். அவித்த பாட்டிக்கு வைட்டமின் தெரியாது, ஆனாலும் உயிர் பிழைத்தது அவள் கைப்பக்குவத்தால். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் நீராகாரமாகக் குடித்ததும் அதே கணக்குதான், தண்ணீரில் கரைந்த பி வைட்டமின் வீணாகவில்லை. இப்போது நாம் மூன்று தண்ணீர் கழுவிக் குக்கரில் வைக்கிறோம்.

உப்புக்கல்:
இந்த ஆதாரத்தோடு வந்தால் எனக்குச் சண்டையே இல்லை. ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைத்தாலும், கூழைப் புளிக்கவைத்தாலும், தாதுக்களை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டேட் குறையும், தாதுக்கள் நன்றாகச் சேரும். நான் மறுப்பது "பாரம்பரியம் என்றாலே மருந்து" என்ற வாய்ப்பாட்டை. கூழுக்கு என்ன தொட்டுக்கொள்கிறோம்? மோர்மிளகாய், வடகம், ஊறுகாய், கருவாடு. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கூட்டணியில் ஒரே வேளையில் அது காலி. வெயிலில் ஏர் ஓட்டி வியர்த்தவருக்கு அந்த உப்பு தேவைப்பட்டது. ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் இரத்தக்கொதிப்புக்காரருக்கு எதற்கு?

கூழ்வண்டி:
சின்ன வெங்காயம் தொட்டுக்கொள்ளுங்கள் சார், யார் வேண்டாம் என்றது? மோர்மிளகாயைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கூழ் நிற்கும். ராகி மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்கவிட்டு, மறுநாள் நொய் போட்டுக் காய்ச்சி, இன்னோர் இரவு வைத்து, மோர் ஊற்றிக் கரைக்கிறோம். ஓட்ஸ் டப்பாவை உடைத்து இரண்டு நிமிடத்தில் கிண்டுவதில் இந்தப் பக்குவம் எங்கே இருக்கிறது?

உப்புக்கல்:
ஓட்ஸைத் தாக்க ராகியைப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஓட்ஸில் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது, இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும். அதுவும் ஒரு தானியம், அவ்வளவுதான்.

முத்து:
கேள்வி கேட்டவன் நான்தான். எலி, மலேயா எல்லாம் படித்தேன். இன்று இரவுக்கு என்ன சாப்பிடுவது என்று யாராவது சொல்வீர்களா?

ராகவி:
முத்து அண்ணா, டாக்டர் கொடுத்த மாத்திரையை மாற்றாதீர்கள், அது முதல் விஷயம். தட்டில் பாதி காய், கீரை. கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ. மீதிக் கால்வாசியில் களியோ புழுங்கல் சோறோ, எது பிடிக்குமோ அது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் புரதத்தையும் கீரையையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

கூழ்வண்டி:
கால்வாசியா! எங்கள் ஊரில் களி உருண்டையின் சைஸ் தெரியுமா உங்களுக்கு?

உப்புக்கல்:
தெரியும், அந்த சைஸைப் பற்றித்தான் காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன். முத்து சார், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒருநாள் களி, ஒருநாள் சோறு, ஒருநாள் ஓட்ஸ் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அளவும் தொட்டுக்கொள்வதும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

கூழ்வண்டி:
களி அன்றைக்குக் கொள்ளுக் குழம்பு வையுங்கள் முத்து.

உப்புக்கல்:
அப்படியென்றால் ஓட்ஸ் அன்றைக்கும் கொள்ளுக் குழம்புதான்.

முத்து:
ஓட்ஸுக்குக் கொள்ளுக் குழம்பா? வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்.