மேடைப்பேச்சில் உங்களை மறந்த தருணம் உண்டா? பகிருங்கள்

நானே தொடங்குகிறேன். 2014 நாடாளுமன்றத் தேர்தல். ஜெயலலிதா பேசிய கூட்டத்துக்கு அத்தையோடு போயிருந்தேன். மதியத்திலிருந்தே பெண்கள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாக்கெட்டும் கையுமாகக் காத்திருந்தார்கள். பேச்சு எழுதிவைத்து வாசித்ததுதான். ஆனால் "செய்வீர்களா?" என்று கேட்டு நிறுத்தினார் பாருங்கள், "செய்வோம்!" என்று பந்தலே அதிர்ந்தது. திரும்பவும் "செய்வீர்களா?" தொண்டை கட்டியிருந்த அத்தையும் கத்தினார். வழக்கமாக ஓட்டுக் கேட்பவர்தான் சத்தியம் செய்வார். அங்கே சத்தியம் செய்தது நாங்கள். நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அத்தை மாறவே மாட்டார். 39 தொகுதியில் 37 அதிமுகவுக்குப் போனது. அதற்குக் காரணங்கள் பல இருக்கும். எங்கள் வீட்டு ஓட்டு முடிவானது அந்தப் பந்தலில்தான்.

*

பெரியப்பா அடிக்கடி சொல்வது 1967. ஜனவரி 12 எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், பிப்ரவரியில் தேர்தல். கழுத்தில் கட்டுப் போட்ட படம் சுவருக்குச் சுவர். பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். "அடி வாங்கி எழுந்திருக்கிறவரைத்தானே படத்துல பாத்துக்கிட்டிருந்தோம், இப்ப நேர்லயே எழுந்துட்டாரு" என்பார் பெரியப்பா. அதே தேர்தலில்தான் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றது திமுக. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டார்கள். அரிசிக்கு ஜனங்கள் கணக்குக் கேட்டார்கள். அந்தப் படத்துக்கு யார் என்ன கணக்குக் கேட்க முடியும்? எனக்குப் பயமே அதில்தான்.

*

எங்கள் ஊர் மகளிர் கூட்டத்தில் ஒருவர் கண்ணகி கதை சொன்னார். சிலம்பை உடைத்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, மைக்கை வாயோடு ஒட்டி, "தேரா மன்னா!" என்றார். பக்கத்திலிருந்த அக்கா அழுதேவிட்டார். "நீதி கேட்க வந்த கண்ணகிகள் நீங்கள்" என்று முடித்தபோது எனக்கும் சிலிர்த்தது. ஆனால் எதற்கு நீதி? எங்கள் தெருக் குழாயில் மூன்று வாரமாகத் தண்ணீர் இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெரினாவில் கண்ணகி சிலையை 2001-இல் எடுத்து, ஆட்சி மாறி 2006-இல் திரும்ப வைத்தார்கள். அவளை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. காரில் ஏறப் போனவரை மறித்துக் குழாயைப் பற்றிக் கேட்டேன். "கண்ணகி மாதிரியே பேசுறியே தாயி" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த கூட்டத்துக்குத் தெருவே கையெழுத்துப் போட்ட மனுவோடு போகிறோம். கதை முடிந்த கையோடு மேடையிலேயே கொடுப்போம்.