புதுப்பிப்பு: ஏசிஓ-வில் இருக்கும் கிளினிக், 2025-க்கான ஈஎச்ஆர் (மின்னணு மருத்துவப் பதிவேடு) ரிப்போர்ட்டிங்

போன மாதம் கேட்டிருந்தேன்: எங்கள் டாக்டர்கள் மெடிகேர் ஷேர்டு சேவிங்ஸ் ஏசிஓ-வில் (அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில், செலவுக்கும் தரத்துக்கும் சேர்ந்து பொறுப்பேற்கும் டாக்டர்கள் குழு) கியூபி தகுதியோடு (வழக்கமான மெடிகேர் தர ரிப்போர்ட்டிங்கிலிருந்து விலக்குத் தரும் தகுதி) இருக்கிறார்கள், ப்ரமோட்டிங் இன்டராப்பரபிலிட்டி டேட்டா (ஈஎச்ஆரை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று மெடிகேருக்குக் காட்டும் பிரிவு) கொடுக்கத்தான் வேண்டுமா, நடு வருடத்தில் ஈஎச்ஆர் மாறிவிட்டதே என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

கொடுத்தே ஆக வேண்டும். 2025-லிருந்து கியூபி என்பதால் விலக்கு கிடையாது. 15 பேர் வரை உள்ள சின்ன பிராக்டிஸுக்கு விலக்கு உண்டு. நாங்கள் அதைத் தாண்டியவர்கள்.

கைகொடுத்தது, "புது சிஸ்டத்தில் மட்டும் தொடர்ச்சியாக 180 நாள் எடுங்கள்" என்ற யோசனை. ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை 184 நாள் வருகிறது. பழைய வென்டரிடம் ரிப்போர்ட்டுக்குக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை, அப்பாடா! டாக்டர் டாக்டராக இல்லாமல், டின் (கிளினிக்கின் வரி எண்) அளவில் குரூப்பாக அனுப்பினோம். ஈஎச்ஆரின் சான்று எண்ணை சிஎச்பிஎல் தளத்தில் (சான்று பெற்ற மென்பொருள்களின் அரசுப் பட்டியல்) எடுத்தோம்; வெர்ஷன் நம்பர் வரை பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எதிர்பாராதது சேஃபர் கைடு, அதாவது ஈஎச்ஆரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துகிறோமா என்று நாமே சரிபார்க்கும் வழிகாட்டி. அதைச் சரிபார்த்தோமா என்ற கேள்விக்கு முன்பு 'இல்லை' என்று டிக் செய்தாலும் விட்டுவிடுவார்கள். 2024 முதல் 'ஆம்' கட்டாயம், இல்லாவிட்டால் மொத்தப் பிரிவுக்கும் பூஜ்யம். செக்யூரிட்டி ரிஸ்க் அனாலிசிஸும் (நோயாளி தகவலுக்கு என்ன ஆபத்து என்ற ஆய்வு) அந்தக் காலண்டர் வருடத்துக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும். 2025 டேட்டாவை அனுப்பக் கடைசி நாள் 2026 மார்ச் 31.