எல்க் வேட்டைக்கு 6.5 கிரீட்மோர் தோட்டா போதுமா?

கொலராடோவில் போன அக்டோபரில் ஓர் எல்க் மானை 360 கெஜத்தில் சுட்டேன். குண்டு தோளுக்குப் பின்னால் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் விழாமல் ஓடிவிட்டது. மஞ்சள் ஆஸ்பென் சருகுகளில் மிளகு அளவு ரத்தத்துளிகளைத் தேடித் தேடி, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அந்த உயிர் எவ்வளவு துடித்திருக்கும் என்பது இன்னும் உறுத்துகிறது.

துப்பாக்கி 6.5 கிரீட்மோர், 22 அங்குலக் குழல், 143 கிரெய்ன் எடையுள்ள குண்டு. 100 கெஜத்தில் மூன்று குண்டு சுட்டால் மூன்றும் ஓர் அங்குலத்துக்குள் விழுகின்றன, குறியில் கோளாறு இல்லை. வேகத்தை அளந்தேன்: தோட்டாப் பெட்டியில் போட்டிருப்பது நொடிக்கு 2,700 அடி, என் குழலில் 2,610. அப்புறம் செம்புக் குண்டு போட்டுப் பார்த்தேன், சிதறல் இரண்டு அங்குலமாகிவிட்டது. நண்பரின் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் என்ற வலுவான தோட்டாவுக்கான துப்பாக்கியாலும் சுட்டுப் பார்த்தேன். அடி பலம்தான், ஆனால் உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுத்துவிடுகிறேன். 2007இல் இலக்குப் போட்டிக்கென்று வந்த கிரீட்மோர் தோளை வருத்தாது, காற்றிலும் அதிகம் விலகாது. விட மனமில்லை.

எல்க் சுட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்: கிரீட்மோரோடு 300 கெஜத்துக்குள் நிறுத்திக்கொள்ளலாமா, மேக்னத்துக்கு மாறித்தான் ஆக வேண்டுமா?