கேம் காட்சிகளை மாடுலர் துண்டுகளை (ஒருமுறை செய்து திரும்பத் திரும்ப அடுக்கும் துண்டுகள்) வைத்துக் கட்டும்போது எங்கே சொதப்பினீர்கள்?

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். போர்ட்ஃபோலியோவுக்காக அன்ரியல் கேம் எஞ்சினில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் வளவு செய்ய ஆசைப்பட்டேன். நடுவில் முற்றம், சுற்றிலும் தூண்கள், பின்னால் வரிசையாக அறைக் கதவுகள். அதே தூண், அதே கதவு, அதே ஓட்டுச் சரிவு திரும்பத் திரும்ப வருகிற இடம். மாடுலருக்கென்றே கட்டிவைத்த மாதிரி இருக்கிறதே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கிரிட் (துண்டுகள் உட்காரும் கட்டம்) 100 செ.மீ. சுவர் 300 அகலம். தூணும் உத்தரமும் ஓடும் சேர்ந்த தாழ்வாரத் துண்டும் 300. அதை ஆசையாசையாக மாடல் செய்து, டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் எஞ்சினுக்குள் அடுக்கிப் பார்த்தேன். அங்கேதான் தப்பு. துண்டின் இரு முனைகளிலும் தூண் வைத்திருந்தேன். இரண்டு துண்டைச் சேர்த்தால் ஒரே இடத்தில் இரண்டு தூண், எதை முன்னால் காட்டுவது என்று எஞ்சின் தடுமாறி (இசட் ஃபைட்டிங்) கேமரா நகர்ந்தாலே மினுக்கியது. முற்றத்து மூலை அதைவிட மோசம். இரண்டு பக்கத்துச் சரிவும் அங்கே 45 டிகிரிக் கோட்டில் சேர்ந்து இறங்க வேண்டும். அதற்குத் தனித் துண்டு வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

நான்கு நாள் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் சாம்பல் பெட்டிகளோடு மறுபடி ஆரம்பித்தேன். தூண் தனி, உத்தரம் தனி, மூலை தனி. எல்லாவற்றுக்கும் பிவட் (துண்டை நகர்த்தி வைக்கும் ஆதாரப் புள்ளி) கீழ் மூலையில். பெட்டிகளாலேயே முழு வளவும் நின்ற பிறகுதான் டெக்ஸ்சர் பக்கம் போனேன்.

அப்புறம் தரை. 8 அங்குல ஆத்தங்குடிக் கல் என்றால் 20.32 செ.மீ. பதினைந்து கல் வைத்தால் 304.8, கிரிட்டில் உட்காராது. 20 ஆக்கிவிட்டேன், மீட்டருக்குச் சரியாக ஐந்து. காரைக்குடிக்காரர்கள் மன்னிக்கவும்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

———

எனக்குத் துண்டுகள் கச்சிதமாகத்தான் பொருந்தின. லைட் பேக் செய்ததும், அதாவது வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டுப் பதித்ததும், வந்தது வினை. ஒவ்வொரு இணைப்பிலும் சுவரில் மெல்லிய கோடு. அந்த வெளிச்சம் பதியும் படமான லைட்மேப் துண்டுக்குத் துண்டு தனியாகக் கணக்காவதால் பக்கத்துத் துண்டோடு நிறம் இம்மி மாறிவிடுகிறது. ரெசல்யூஷனை ஏற்றிப் பார்த்தேன், முழுசாகப் போகவில்லை. கடைசியில் ஏமாற்று வேலைதான்: இணைப்பு வரும் இடத்திலெல்லாம் ஒரு அரைத்தூண், இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய். நீளமான வெற்றுச் சுவரை ஒரே துண்டாக ஆக்கிவிட்டேன்.

ஆடும்போதே வெளிச்சத்தைக் கணக்கிடும் அன்ரியலின் லூமனில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சுவரைக் காகிதம் மாதிரி செய்தால் வெளிச்சம் உள்ளே கசியும். 10 செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

———

என் சொதப்பல் வேறு ரகம். அப்போது பெதஸ்டா கேம் நிறுவனத்தில் இருந்த ஜோயல் பர்ஜெஸும் நேதன் பர்கிபைலும் ஸ்கைரிம் கேமின் கிட்களைப் (மாடுலர் துண்டுத் தொகுப்புகள்) பற்றி 2013இல் ஜிடிசி என்ற கேம் டெவலப்பர் மாநாட்டில் பேசியிருக்கிறார்கள். ஒரே துண்டைப் பார்த்துப் பார்த்து ஆடுபவருக்குச் சலித்துப்போவதை ‘ஆர்ட் ஃபட்டீக்’ என்பார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன், இருந்தும் மாட்டினேன்.

பழைய பங்களா ஒன்று. காரை பெயர்ந்து செங்கல் தெரிகிற சுவர் ஒன்று செய்தேன். பெயர்ந்த இடம் தற்செயலாக யானை மாதிரி அமைந்துவிட்டது. இருந்த துண்டுகளிலேயே அழகு அதுதான் என்பதால் எல்லாத் தாழ்வாரத்திலும் வைத்தேன். ஆடிப் பார்த்த தம்பி பத்து நிமிடம் சுற்றிவிட்டு ஹெட்போனைக் கழற்றினான்: “அண்ணே, எந்தப் பக்கம் போனாலும் அந்த யானைச் சுவருக்கே வந்து நிக்கிறேன். வழி எங்கே இருக்கு?”

அவன் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை, நேராகத்தான் போய்க்கொண்டிருந்தான். இப்போது சுவர்த் துண்டு வெறும் காரை மட்டும். யானை ஒரே ஒரு டெக்கலாக (சுவர்மேல் ஒட்டும் படம்) மாடிப்படி அருகே இருக்கிறது.